வாசலுக்கு வெளியே ஒரு தட்டு

என் தம்பி உயிரோடு இருக்கும்போதே அவனுக்குத் தலைமுழுகியவள் நான். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். என் வாயால் மட்டும் இதுவரை சொன்னதில்லை.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது நான் பிறந்த ஊர். வீட்டாள் ஒருவன் பொறுக்க முடியாத காரியத்தைச் செய்துவிட்டால், அவன் செத்துவிட்டதாக வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மற்ற இடங்களில் 'தலைமுழுகிட்டேன்' என்று கோபத்தில் வாய்ப்பேச்சாகச் சொல்வார்கள். நாங்கள் சொம்பை எடுத்து ஊற்றியே விடுவோம். அதற்குப் பிறகு அவன் பெயர் வீட்டில் அடிபடாது. கல்யாணப் பத்திரிகையிலும் இருக்காது.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன், வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. இருபத்தைந்து வயதில் மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்குச் சமையல் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். நான் அப்போது பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஓடிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தபடி 'ம்' கொட்டுவேன்.

"அக்கா, இங்க வாரத்துக்கு ஒரு பண்டிகைக்கா. தைப்பூசத்துக்கு சீனாக்காரன்லாம் நமக்கு முன்னாடி வந்து தேங்கா ஒடைக்கிறான். ஒரு சீனப் பொம்பள ஆப்பம் ஊத்துது பாரு, நீ ஊத்துறதெல்லாம் ஆப்பமே இல்லக்கா."

"ஆமாண்டா, இப்ப சீனாக்காரி சோறுதான் ஒனக்கு ருசிக்கும்."

"ஒரே ஒரு தடவ வாக்கா. நான் சுத்திக் காட்டுறேன்."

"பாப்போம் பாப்போம்," என்பேன். பார்க்கிற எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை.

பிறகு அப்பா இறந்தார். அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். கொள்ளி வைக்க மகன் வந்துவிடுவான் என்று இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். அவன் வரவில்லை. முதல் நாள் "வந்துடுறேன்க்கா" என்றவனின் போன் அடுத்த நாள் அணைந்து கிடந்தது. பெரியப்பாதான் கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். "வெளிநாட்டுச் சோறு பெத்தவனையே மறக்கடிச்சிருச்சு" என்று ஒருவர் சொன்னது என் மண்டைக்குள் ஏறிக்கொண்டது. நான்காம் நாள் அவன் கூப்பிட்டான். "அக்கா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவனைப் பேச விடவில்லை.

"அப்பனுக்குக் கொள்ளி வெக்க வராதவன் இனி எங்களுக்கு என்னாத்துக்குடா? நீயும் அவரு கூடவே செத்துட்ட. இனிமே ஒனக்கு இங்க நாதி கெடையாது."

வைத்துவிட்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து ஏரிக்கரையில் குளிக்கும்போது, அப்பாவுக்கு ஊற்றிய பிறகு இரண்டாவது சொம்புத் தண்ணீரை எடுத்து, "இது அவனுக்கு" என்று சத்தமாகச் சொல்லி என் தலையில் ஊற்றிக்கொண்டேன். எனக்குப் பின்னால் பங்காளிகள் ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டார்கள். அன்று எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதன்பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அழைப்பதை நிறுத்திவிட்டான்.

ஒன்பது வருஷம் கழித்து, இந்தத் தை மாதம், லப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு போன் வந்தது. தம்பியோடு ஒரே கடையில் சமைத்தவரின் வீட்டார், எங்கெங்கோ விசாரித்து என் எண்ணைப் பிடித்துப் பேசினார்கள். தம்பி நெஞ்சுவலியில் இறந்துவிட்டான், தகவல் சொல்ல யாருடைய எண்ணும் கிடைக்காமல் அங்கேயே எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்கள் என்றார்கள். நடந்து இருபது நாள் ஆகியிருந்தது.

மறுநாளே ஊருக்கு ஓடினேன். பெரியப்பா முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தார். கருமாதி செய்ய வேண்டும் என்று கேட்டபோது முகம் மாறிவிட்டது.

"அவனுக்குத்தான் அன்னைக்கே தல முழுவியாச்சே. செத்தவனுக்கு மறுபடி எப்புடி முழுவுறது?"

"அன்னைக்குக் கோவத்துல பண்ணது பெரியப்பா."

"மொதல்ல ஊத்துனவ நீதானே ஆயி," என்றார். திட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நானோ கட்டிக்கொடுத்த பெண். பிறந்த வீட்டுக் காரியத்தை எடுத்துச் செய்ய எனக்கு வழியும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்தேன். வீட்டுக்காரர் கூட வரவில்லை, தடுக்கவும் இல்லை. ஆவணியில் திருச்சியிலிருந்து பினாங்குக்குக் கிளம்பினேன். அவன் கூப்பிட்டபோது போகாத இடத்துக்கு, அவன் இல்லாதபோது போய் இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு, தம்பியோடு சமைத்த அந்த லப்பைக்குடிகாட்டுக்காரர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். "வாங்கக்கா" என்று பையை வாங்கிக்கொண்டார். அவர் பின்னால் அந்தத் தீவைச் சுற்றினேன். ஒரே தெருவில் மாரியம்மன் கோவில், பள்ளிவாசல், சீனக் கோவில், மாதா கோவில். மல்லிகைப்பூ வாசனையும் ஊதுபத்திப் புகையும் ஒன்றாகக் கலந்து வந்தன. தம்பி வேலை பார்த்த கடையில் உட்கார வைத்து, சோற்றின் மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றிக் கொடுத்தார். மலாய்க்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். லாக்சா என்றொன்று, புளிக்குழம்பில் சேமியாவைப் போட்ட மாதிரி, மீன் வாசனையோடு இருந்தது. அந்தச் சீனப் பெண்ணின் ஆப்பத்தையும் தேடிப் போய்த் தின்றேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக இருந்தது. தம்பி சொன்னது சரிதான், நான் ஊற்றுவது ஆப்பமே இல்லை. இதை அவனிடம் சொல்லிக் கிண்டல் வாங்கிக்கொள்ள எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கையில் பாதி ஆப்பத்தோடு நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அது சீனர்களின் ஏழாம் மாதம். செத்தவர்களெல்லாம் பூமிக்கு வந்து திரியும் மாதமாம். சாயங்காலம் ஒரு திடலில் பந்தல் போட்டு, முகத்தில் சாயம் பூசிய நடிகர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நெருக்கியது, ஆனால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கால் வலியில் நான் போய் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். லப்பைக்குடிகாட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்திரிங்கக்கா. அது மவுத்தானவங்களுக்குப் போட்டது."

செத்தவர்களுக்கான நாற்காலியிலிருந்து எழுந்தேன், இருவரும் ஓரமாக வந்தோம். அங்கே நின்றபடிதான் அவரிடம் கேட்டேன். ஒன்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி. "அப்பா சாவுக்கு ஏன் தம்பி வரல?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதாக்கா? பர்மிட்டு புதுப்பிக்கக் குடுத்த பாஸ்போர்ட்ட ஏஜென்ட்டு திருப்பித் தரல. அவன் ஆபீஸ் வாசல்லயே ராத்திரி பகலா கெடந்தாரு. போன் சார்ஜ் போனதுகூடத் தெரியல. அப்புறம் கடக்கரையில மொட்ட போட்டுக்கிட்டு, பதினாறு நாளும் மீனு கறி தொடல. மீன்தலக் கறி சமைக்கிறவரு, உப்பு பாக்கச் சொல்லி என்னையத்தான் கூப்புடுவாரு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டாரு. அன்னைக்குப் பேசிட்டு வந்து, 'எனக்கு ஊர்ல யாரும் இல்ல'ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் அதேதான்."

மேடையில் தாளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள், தம்பி குடியிருந்த அறையின் சொந்தக்காரரான சீன அம்மாவைப் பார்க்கப் போனோம். எழுபது தாண்டியவர். பொழுது சாயும் நேரம். வீட்டு வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்துத் தரையில், வரிசையாகத் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். சோறு, ஆரஞ்சுப் பழம், பன்றிக்கறி. ஒவ்வொரு தட்டிலும் எடுத்துச் சாப்பிட இரண்டு குச்சிகள். கடைசித் தட்டில் மட்டும் கறி இல்லை, குச்சியும் இல்லை. சோறும் மீன்குழம்பும் அவித்த முட்டையும் இருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர் பால் டீ, ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர். கை கழுவுகிற தண்ணீர் என்று பார்த்தவுடனே புரிந்தது.

"அது அவருக்குத்தான்," என்றார் லப்பைக்குடிகாட்டுக்காரர் தாழ்ந்த குரலில். "கையால சாப்பிடுவாருன்னு குச்சி வெக்கல."

"என்னாத்துக்குத் தெருவுல வெக்கிறாங்க? உள்ள வெக்கக் கூடாதா?"

அவர் தயங்கினார். "சொந்தம் உள்ளவங்களுக்கு அவங்கவங்க வூட்டுக்குள்ள வெப்பாங்க. இது நாதியத்தவங்களுக்கு வெக்கிறதுக்கா."

அன்று போனில் அவனிடம் நான் சொன்ன அதே சொல். கடல் தாண்டிய ஏதோ ஒரு தெருவில், சாக்கடை ஓரத்தில், அது சோறாக வைக்கப்பட்டிருந்தது. என் தம்பிக்கு அக்கா இருக்கிறாள். பெரியப்பா இருக்கிறார், ஊர் நிறையப் பங்காளிகள் இருக்கிறார்கள். "நான் அவன் அக்கான்னு சொல்லுங்க," என்றேன். அவர் மலாயில் சொன்னார். சீன அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்ன கேக்குறாங்க?"

"அக்கா இருக்காங்கன்னா நல்லதாப் போச்சுங்கிறாங்க. அப்ப அடுத்த வருசத்துலேர்ந்து ஒங்க வூட்டுக்குள்ளயே வெச்சுக் கும்பிட்டுக்குவீங்களா, இவங்க இங்க வெக்க வேண்டாமான்னு கேக்குறாங்க."

எந்த வீட்டுக்குள்? பெரம்பலூர் வீட்டில் என் வீட்டுக்காரரின் முன்னோர்களுக்குத்தான் படையல். பிறந்த வீடு பெரியப்பாவின் பொறுப்பில் இருக்கிறது, அங்கே நான் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு தட்டுச் சோறு வைக்க அவனுக்கு எங்கள் ஜில்லாவில் ஒரு முழம் தரை இல்லை. சீன அம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்லன்னு சொல்லுங்க," என்றேன். "அடுத்த வருசமும் இவங்களையே வெக்கச் சொல்லுங்க."

அவர் அதை மலாயில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சீன அம்மா ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, தட்டுகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். நான் குனிந்து, வாசலுக்கு வெளியே, நாதியற்றவர்களின் வரிசையில், என் தம்பியின் தட்டுக்கு முன்னால் அதை நட்டுவைத்தேன்.