ஆறாம் வரிசை ஏன் காலியாக இருந்தது

போன செவ்வாய்க்கிழமை காலை ராகவன் போன் செய்தார். நம் வாலிபால் கிளப்பின் பழைய உறுப்பினர், உங்களில் பலருக்கும் தெரிந்தவர். "பிலோமினா மேடம் போயிட்டாங்கப்பா. சாயங்காலம் சாந்தோம் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம்" என்றார். எனக்கு ஆள் பிடிபடவில்லையோ என்று அவரே சேர்த்துக்கொண்டார். "அதாம்ப்பா, ஆறாம் வரிசை பிலோமினா!"

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். "கடைசி வரைக்கும் அந்த டிக்கெட்டெல்லாம் யாருக்குப் போச்சுன்னு வாயே தொறக்கல பாரு" என்றார் ஒருவர். "வேண்டப்பட்டவங்களுக்குத்தான் போயிருக்கும், வேற யாருக்கு?" என்றார் இன்னொருவர். அதற்கான பதில் எனக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. கிளப் மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, இந்த முறையாவது திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிலோமினா மேடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முகம் தெரியாதவர்களின் குரலை மட்டுமே கேட்டுக் கேட்டு, யாரையும் எளிதில் நம்பாத காது அவருக்கு அமைந்துவிட்டது. ஓய்வுபெற்றதும் நம் போட்டிகளின் டிக்கெட் கவுன்ட்டரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "பேரைக் கேட்டா பொய் சொல்லுவாங்க வாசு சார். கூட யார் வர்றாங்கன்னு கேளுங்க, உண்மை தானா வரும்" என்பார்.

கொள்ளைநோய் பயத்தில் நம் போட்டி நின்றுபோன அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த வருடம் பார்வையாளர்களை உள்ளே விடலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் சுகாதார அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். கேலரியில் ஒரு இடம் விட்டு ஒரு இடத்தில்தான் ஆள் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு டிக்கெட், எல்லா நாளுக்கும் அதுவே. யாருக்காவது காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும் வேண்டும். மேடம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டிக்கெட்டிலும் இருக்கை எண், பெயர், விலாசம் மூன்றையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். இணைச் செயலாளரான எனக்கும் காட்ட மாட்டார். "விலாசம் குடுத்தவங்க என்னை நம்பிக் குடுத்திருக்காங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

முதல் நாளே என் அக்காவின் கணவர், அத்திம்பேர், அவரிடம் மாட்டினார். "நானும் வாசுவும் ஒரே ஆத்துலதான் இருக்கோம்மா. அவன் தம்பி ஊர்லேர்ந்து வந்திண்டிருக்கான், அவனுக்கும் சேத்து ரெண்டா குடுத்துடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி எந்த ஊர்லேர்ந்து வர்றார்?" என்றார். அத்திம்பேர் திருச்சி என்றார். "எந்த வண்டி?" அத்திம்பேர் விழித்தார். எனக்குத் தம்பியே கிடையாது. ஒரே ஒரு டிக்கெட்டோடு வந்தவர், "என்ன பொம்மனாட்டிடா இவ, போலீஸ்லேர்ந்து வந்தவளா?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார்.

இவ்வளவு கறாரான ஒருவரின் கையில்தான் அந்தக் குளறுபடி நடந்தது. போட்டியின் முதல் இரண்டு நாளும் கேலரியில் ஆறாம் வரிசை முழுக்கக் காலி. ஆனால் கவுன்ட்டரில் அது விற்றுத் தீர்ந்த வரிசை. ஏற்கெனவே பாதி இடம்தான் என்பதால் வெளியே டிக்கெட் கிடைக்காதவர்களின் கூட்டம். "உள்ள காலியா கீது, வெளிய ஃபுல்லுன்னு போர்டு மாட்டிக்கீறீங்க. யார ஏமாத்துறீங்க?" என்று ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அப்போதைய செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மா யாருக்கோ மொத்தமாக் குடுத்திருக்காங்க. அது பிளாக்ல போகுது. நீ கொஞ்சம் கவனி" என்றார்.

கவனித்தேன். ஒருவர் மீது சந்தேகம் விழுந்துவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பதுகூடத் தப்பாகத் தெரியும். மேடம் யாரிடமோ தணிந்த குரலில் பேசினால் பேரம் என்று நினைத்தேன். நோட்டைப் பூட்டினால் மறைக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் அவர் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக வெளியேறியபோது, பிடித்துவிட்டோம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மேடம் சாந்தோம் வழியாக நடந்து பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் வரிசைக்குள் நுழைந்தார். ஐஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் மேடம் நின்றார். பின்னால்தான் தெரிந்தது, அவர் பெயர் அஞ்சலை. நம் அணியில் ஸ்மாஷ் அடித்த குமரேசனின் அக்கா.

"அஞ்சலை, உண்மையைச் சொல்லு. பன்னெண்டு பேரையும் நேர்ல கூட்டிட்டு வந்து வாங்கின டிக்கெட்டையெல்லாம் யார்கிட்ட வித்தே?" என்றார் மேடம்.

"இன்னாம்மா இப்டி கேட்டுட்டே?" அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு சுருக்குப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினார். "இந்தா பாரு, அப்டியே கீது. ரெண்டு நாளும் வந்தோம்மா. கேட்டாண்ட நிக்கிற ஆளு டிக்கெட்ட வாங்கிப் பாத்தான். பட்டினப்பாக்கமா, அப்டிக்கா போன்னுட்டான். கடலோரத்து ஆளுங்களுக்குத்தான் அந்த நோவு ஜாஸ்தியாம். உள்ள வுடக் கூடாதுன்னு மேலர்ந்து சொல்லிக்கீறாங்களாம்."

"குமரேசன்கிட்ட சொன்னியா?"

"அய்யோ, அவன்கிட்ட சொல்லிடாதம்மா. சண்டைக்குப் போவான், அப்பறம் டீம்ல வெச்சிக்க மாட்டாங்க. யாவாரத்த வுட்டுட்டு வர முடிலன்னு சொல்லிக்கீறேன்."

போட்டி தொடங்குமுன் கேட்டில் நிற்க வெளியிலிருந்து அமர்த்திய இரண்டு ஆட்களிடம் பேசியது நான்தான். அந்த நோய் கடற்கரைப் பக்கம்தான் அதிகம் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். "டிக்கெட்ல விலாசத்தைப் பாருங்க. கடலோரப் பக்கம்னா யோசிச்சு விடுங்க. சந்தேகமா இருந்தா அனுப்பாதீங்க" என்று சொன்னேன். முன்னெச்சரிக்கை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே மறந்தும் போனேன். காலி வரிசையை இரண்டு நாள் பார்த்தும் அந்த வார்த்தைகள் என் நினைவுக்கு வரவே இல்லை. மேடத்தை மட்டும் சந்தேகப்பட்டேன்.

திரும்பி நடந்த மேடம் என்னைப் பார்த்துவிட்டார். "மீன் வாங்க வந்தீங்களா வாசு சார், என்னைப் பிடிக்க வந்தீங்களா?" என்றார். அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவருடன் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் சொன்னது, நான் பின்தொடர்ந்தது, கேட்டில் நான் போட்ட உத்தரவு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சந்தேகப்படுறது தப்பில்ல. நானும் அஞ்சலையைச் சந்தேகப்பட்டுத்தான் வந்தேன். ஆனா நேரா வந்து கேட்டேன். நீங்களும் என்னைக் கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை." கொஞ்சம் நடந்ததும், "சரி, நாலு மணிக்கு மேட்ச். ஆக வேண்டியதைப் பாப்போம்" என்றார்.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே அவர் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். வந்த ஒவ்வொருவரிடமும் பழைய டிக்கெட்டை வாங்கிக்கொண்டு புதிய டிக்கெட் கொடுத்தார். அதில் இருக்கை எண் மட்டும்தான். பெயரும் விலாசமும் பூட்டிய நோட்டில் இருந்தன. அதிகாரிகள் கேட்டால் காட்ட அது போதும். பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்கு மட்டும் மாற்றினால் அதுவே ஒரு அடையாளமாகிவிடும் என்று, காரில் வந்தவர்களையும் அதே வரிசையில் நிற்க வைத்தார். கேட் ஆட்களை நகர்த்திவிட்டு டிக்கெட்டைக் கிழிக்க நானே நின்றேன். அஞ்சலையும் அவர் ஆட்களும் பன்னிரண்டு பேர் என்னைக் கடந்து உள்ளே போனார்கள். அவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தேன்.

அன்று நாம் தோற்றோம். ஆனால் குமரேசன் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆறாம் வரிசையிலிருந்து அஞ்சலை அடித்த விசில் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

போட்டி முடிந்து கமிட்டி கூடியது. இரண்டு நாள் வரிசை காலியாக இருந்தது ஏன் என்று செயலாளர் கேட்டார். "டிக்கெட்ல விலாசம் எழுதினது தப்பு. நான்தான் எழுதினேன், நானே எடுத்துட்டேன்" என்றார் மேடம். "யாருக்குக் கொடுத்தீங்க?" "அதைச் சொல்ல மாட்டேன்." எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் கவுன்ட்டரை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேடம் ஏன் என்று கேட்கவில்லை. குமரேசனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போனார். கதை மட்டும் இங்கேயே தங்கி, மேடத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நேற்று பட்டினப்பாக்கம் போனேன். அஞ்சலை அதே இடத்தில்தான் கடை போட்டிருக்கிறார். மேடம் காலமானது அவருக்குத் தெரிந்திருந்தது. அடக்கத்துக்கும் வந்திருக்கிறார், கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. "உங்களை உள்ளே விட வேண்டாம்னு அன்னிக்குச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும் சார். அம்மா அப்பவே சொல்ட்டாங்க. நான் வந்து நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கணும்னுதான் இருந்தேன். வேணாம் அஞ்சலை, அவரே ஒரு நாளு வந்து சொல்லுவாருன்னாங்க."

யார் சொன்ன பெயரையும் விலாசத்தையும் நம்பாதவர் என்னை நம்பியிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோதே நான் அஞ்சலையிடம் போயிருக்க வேண்டும்.