வாசல் குழாயை நானே மாற்றினேன்

வாசல் குழாய் ஒழுகியது என்னவோ உண்மைதான். அதற்காக வீட்டையே பூட்டச் சொல்வார்களா? என் கணவரின் அண்ணன் சொன்னார். கணவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள், திருக்கோகர்ணத்தில் நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் நான் தனியாக இருக்கக் கூடாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஃப்யூஸ் போனாலும், கதவு பிடித்துக்கொண்டாலும் அவருக்கு அது ஒரு சாக்கு.

"ஒரு கொழாயப் பாத்துக்க முடியல, ஒனக்கு எதுக்கும்மா தனி வீடு? ஞாயித்துக்கெழம வண்டியோட வாரேன். சாமானக் கட்டி வையி. அன்னவாசல்ல எங்களோட இருந்துக்க" என்றார் போனில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். "அண்ணன் வந்து பாத்துக்கிறேன்னு சொன்னாருங்க" என்று இழுத்தார். ஓகோ, அங்கேயும் சொல்லி வைத்தாயிற்றா! போகட்டும், எனக்குக் கை இல்லையா?

பித்தளைக் குழாயும் வெள்ளை டேப்பும் வாங்கி வந்தேன். மாடித் தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு, ஸ்பேனர் போட்டுப் பழையதைக் கழற்றினேன். புதுக் குழாயின் மரையில் டேப்பைச் சுற்றித் திருகினேன். வாய் கீழே பார்த்தபோது குழாய் ஆடியது. இறுகியபோதோ வாய் பக்கத்து வீட்டைப் பார்த்தது. நேராக்கலாமே என்று கொஞ்சம் பின்னால் திருப்பினேன். வால்வைத் திறந்ததும் மரையைச் சுற்றிக் கசிவு. அடச்சே!

இன்னும் முக்கால் சுற்று முன்னால் முறுக்கியிருக்கலாம். ஆனால் சுவருக்குள் அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் வளைவு, அந்த எல்போ, பிளந்தால் சுவரையே உடைக்க வேண்டும். அப்புறம் அவர் சொன்னது வேதவாக்காகிவிடும். பொய் சொல்வானேன், பயமாகத்தான் இருந்தது. மறுபடி கழற்றி, நைந்த டேப்பை உரித்துப்போட்டு, இந்தத் தடவை கூடுதலாகச் சுற்றினேன். முதலில் கையால், பிறகு ஸ்பேனரால். வாய் கீழே திரும்பும்போதே சரியாக இறுகியது. இன்னொரு திருகு திருகச் சொல்லிக் கை பரபரத்தது. சும்மா இரு என்று அதட்டி வைத்தேன்.

தண்ணீரைத் திறந்துவிட்டு மரையைச் சுற்றி விரலை ஓட்டினேன். ஈரமில்லை. தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தால் என்ன, வாய்விட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். நேரே குழாயடிக்குப் போய், குனிந்து, துண்டு நுனியால் மரையைத் துடைத்துப் பார்த்தார். துண்டு நனையவில்லை.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"இன்னைக்குக் கொழாயி. நாளைக்கு வேற ஒண்ணு போகும்ல?"

"போகட்டுமே அத்தான். அதையும் பாத்துக்கிறேன்."

வண்டிக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏத்திரலாமாங்க?" என்றார்.

"ஏத்துறதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

அத்தான் வாயைத் திறக்குமுன் குழாயைத் திறந்துவிட்டேன். "என் வீட்டுக்கு வந்திருக்கீங்க. காலக் கழுவிட்டு உள்ள வாங்க அத்தான், சாப்புட்டுட்டுப் போகலாம்."