அப்படி ஒருத்தி இந்தச் சந்திலேயே இல்லை

இன்ஷிராஹ் வேலை பார்த்த ஆலையிலிருந்து இரண்டு துணிச்சுருளைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டியவள். திருட்டுதான், சந்தேகமில்லை. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு அலெக்ஸாந்திரியாவில் கர்மூஸ் பக்கம் ஒரு சந்தில் குடிவந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஊறுகாய் போட்டு விற்றுப் பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூட வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை கூடிவந்தது. போலீஸ் பதிவில் அந்தப் பழைய வரி இருக்கும்வரை யார் சேர்ப்பார்கள்? பதிவை நீக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். சந்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. திருடி என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம்.

மனு என்றால் விசாரணை உண்டே! அந்த முகவரியில் ஒழுங்காக இருந்தாளா என்று கேட்க மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அந்த மீசையையும் நடையையும் பார்த்தால் போலீஸ் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். இஸ்திரிக் கடை கரீப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, அதிகாரிகளை அழைக்கும் வழக்கப்படி 'பாஷா' போட்டுச் சொன்னார்.

"இன்ஷிராஹா? அப்படி ஒருத்தி இந்தச் சந்துலயே இல்ல பாஷா."

மாடிவீட்டு உம் ஹிஷாம் அதற்கும் ஒரு படி மேலே போனாள். "அவளா? செத்துப்போயி ரெண்டு வருஷமாச்சு, பாவம்!"

பொய் முகவரி என்று அறிக்கை போய்விட்டது. மனு தள்ளுபடியாகும் என்று வக்கீல் சொன்னதும் இன்ஷிராஹ் சந்து முனையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நானே மனுப் போட்டேன் கரீப் மாமா! நீங்க காப்பாத்துறேன்னு என்னைக் கொன்னே போட்டுட்டீங்களே!"

மறுநாள் கரீபும் உம் ஹிஷாமும் உண்மையைச் சொல்ல, இன்ஷிராஹோடு போய், மனுவை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் முன்னால் நின்றார்கள்.

"செத்துட்டான்னு சொன்னது நீங்கதானே?"

"போலீஸ்காரர்கிட்டதான பாஷா சொன்னேன்," என்றாள் உம் ஹிஷாம். "உங்ககிட்டப் பொய் சொல்வேனா?"

வழக்கறிஞருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். "இவங்க திருட்டு வழக்கில ஜெயிலுக்குப் போனவங்க. தெரியுமா?"

இன்ஷிராஹ் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வந்த மறுநாளே தெரியும் பாஷா," என்றார் கரீப். "சாமான் ஏத்திவந்த வண்டிக்காரன் சொல்லிட்டுத்தான் போனான். ரெண்டு மாசம் பார்த்தோம். அதுலேருந்து சந்துல யார் வெளியூர் போனாலும் வீட்டுச் சாவிய இவகிட்டதான் குடுத்துட்டுப் போறோம்."

வழக்கறிஞர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது இன்ஷிராஹ் கேட்டாள். "தெரிஞ்சுமா என்கிட்டக் குடுத்தீங்க?"

"பின்ன யார்கிட்டடி குடுக்கிறது?" என்று உம் ஹிஷாம் கரீபைக் காட்டினாள். " இவர்கிட்டயா? இஸ்திரிக்குப் போட்ட சட்டையையே தொலைக்கிற மனுஷன்!"

ஆறு வாரம் கழித்து, பதிவை நீக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தபோது இன்ஷிராஹ் அழவில்லை. அழவேண்டியதையெல்லாம் அன்றே அந்தப் படிக்கட்டில், உம் ஹிஷாமின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்திருந்தாள்.