புஷ்பம் டீச்சருக்கு வைத்த பொட்டு

பகல் மணி பன்னிரண்டு நாற்பது. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், எதிர்ச்சுவரில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பொட்டு. முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பத்திரிகை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் படங்களோடு மாரடித்ததில் வந்த பழக்கம் இது. படத்தில் இருப்பவருக்கு முன்னால் படத்தில் கை வைத்த இடம் தெரிந்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்து, மூக்கின் வலப்பக்கம் நிழல் கட்டியிருந்தது. பொட்டு மட்டும் எந்த வெளிச்சத்துக்கும் கட்டுப்படாமல், காகிதத்தில் சிந்திய மை மாதிரி தட்டையாக இருந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி இறங்கி வந்து நெஞ்சுக்கு மேலே பாதியில் நின்றது. அதன் முனையில் ஏதோ இருந்த இடத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள்.

சட்டத்துக்குக் கீழே பித்தளைத் தகடு. ‘எங்கள் ஆச்சி’ என்று பொறித்திருந்தது.

என் மனைவி ஜெசிந்தா அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தாள். நான் காட்டுவதற்குள் அவளே பார்த்தாள்.

“எங்கம்மா,” என்றாள்.

நாங்கள் அங்கே போனது எந்த வேலையாகவும் இல்லை. தொண்டியில் நண்பர் ஒருவரின் வீடு கடற்கரையிலிருந்து நூறடியில் பூட்டிக் கிடக்கிறது. பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். தொண்டிக் கடலைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும், அது அலையடித்துப் பயமுறுத்துகிற கடல் இல்லை. கண்மாய் மாதிரி கிடக்கும். நான்கு நாள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் ஜெசிந்தா, “தண்ணியவே எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருப்பீக? காரை எடுங்க, காரைக்குடிப் பக்கம் போய்ட்டு வருவோம்,” என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது காரைக்குடியில். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அங்கே வேலையும் பெண்ணும் கிடைத்தவன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நாற்பதுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. பால்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் கேன் தொங்க எங்களை முந்திப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். திருவாடானையில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம். தேவகோட்டையில் டீ குடித்தோம். காரைக்குடியில், நான் முன்பு குடியிருந்த மாடியறைக்குக் கீழே காரை நிறுத்தி, சன்னலை ஐந்து நிமிடம் பார்த்தோம். அப்போது கீழே சைக்கிள் கடை இருந்தது. இப்போது செல்போன் கடை. பிறகு, கண்டனூரில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக்கி மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனோம்.

பரிமாற வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “இங்குட்டு உக்காருங்க சார், அங்குட்டு வெக்கையா இருக்கும்,” என்று எங்களை அந்தப் படத்துக்கு நேர் கீழேயே உட்கார வைத்தாள்.

“இது யாரும்மா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“இவுகதான் எங்க ஆச்சி. இந்த வீட்டு ஆச்சி. இவுக மசாலாப் பக்குவந்தான் இங்க எல்லாத்துக்கும்.”

“நீ பாத்திருக்கியா?”

“நான் வேலைக்கு வந்தே எட்டு மாசந்தான் ஆகுது. அப்பிடிச் சொல்லச் சொல்லியிருக்காக.” ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “ஏன் கேக்குறீக?”

“இவுகளுக்குச் சோறு வடிக்கத் தெரியாதும்மா,” என்றாள் ஜெசிந்தா.

இது கோபத்தில் சொன்னது இல்லை. அந்தக் கூடம் முழுக்கக் கல்பாசியும் சோம்பும் மணந்துகொண்டிருந்தது. எனக்கோ மாமியார் வீட்டை நினைத்தால் முதலில் வருவது அடிப்பிடித்த சோற்று வாசனை. புஷ்பம் டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. உலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒரு கட்டு விடைத்தாளோடு அடுப்படியில் உட்காருவார். முதல் தாளில் மூழ்கினால், சோறு கருகித் தெருவுக்கே தெரிந்த பிறகுதான் நிமிர்வார். வீட்டில் சமைத்ததெல்லாம் மாமனார்தான். காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். “உங்கம்மாவ அடுப்பப் பாத்துக்கச் சொன்னா, எரியுதான்னு பாத்துட்டு வந்துரும்,” என்று மகளிடம் சொல்வார். டீச்சர் அதற்கும் தலை நிமிரமாட்டார். அந்த விடைத்தாள்களில் சில எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் கிடக்கின்றன. ஒன்றிரண்டில் புளிக்குழம்புக் கறை இருக்கிறது. மாமனார் வைத்த குழம்பு.

கத்தோலிக்கக் குடும்பம். டீச்சர் நெற்றியில் எதுவும் வைத்தவர் இல்லை. சங்கிலியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு சிலுவை இருக்கும். பணி ஓய்வு பெற்றபோது எடுத்த படம் அது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ரொம்ப நாள் தொங்கியது, பிறகு எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. அதன் சிறிய பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் பொட்டு இல்லை. சிலுவை இருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புஷ்பம் டீச்சரை முதன்முதலில் ஆச்சி ஆக்கியவன் நான்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குக் காரைக்குடியில் பகுதிநேர நிருபராக வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. செய்தியையும் படத்தையும் ஒரு கவருக்குள் போட்டு, சாயங்காலம் நான்கு மணி மதுரை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே பஸ் நிலையத்தில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். படத்தின் பின்பக்கம் ஒரு துண்டுத்தாளில் யார் யார் என்று பென்சிலால் எழுதி ஒட்டவேண்டும். பள்ளி விளையாட்டு விழா ஒன்றில் பரிசு கொடுக்கும் அம்மாளின் பெயரைக் கேட்டேன், புஷ்பம் என்றார்கள். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம். கரை வைத்த சேலை, நிமிர்ந்த நடை, காரைக்குடி. வேறு என்ன வேண்டும்? ‘புஷ்பம் ஆச்சி பரிசு வழங்குகிறார்’ என்று எழுதி ஒட்டிவிட்டு ஓடினேன். மரியாதையாகத்தான் எழுதினேன் என்பது இன்றைக்கும் என் கட்சி. இந்த ஊரில் வயதான பெண்மணி என்றாலே ஆச்சி என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். அது நகரத்தார் வீட்டு அம்மாக்களைக் கூப்பிடுகிற முறை என்பது எனக்கு அப்போது தெரியாது.

படம் வந்த அன்று காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். படத்தில் இருந்த அதே அம்மாள், கையில் நாலாக மடித்த பேப்பர்.

“நீங்கதான் பேப்பர்காரவுகளா தம்பி?”

“ஆமாம்மா.”

“இதுல இருக்கிறது யாரு?”

“புஷ்பம் ஆச்சி.”

“எந்த வீட்டு ஆச்சி?”

நான் பேப்பரை வாங்கி மறுபடி பார்த்தேன்.

“ஆச்சிமாருக அவுக வீட்டுல நல்லா இருக்கட்டும். நான் டீச்சரு. அவுக பேர நான் எடுத்துக்கிட்டா அவுகளுக்கும் நட்டம், எனக்கும் நட்டம். என் பேருக்குப் பின்னாடி ஏதாச்சும் எழுதியே ஆகணும்னா பி.எஸ்சி., பி.டி.ன்னு எழுதுங்க. எம் பிள்ளைக கணக்கத் தப்பாப் போட்டா அஞ்சு தடவ எழுதச் சொல்லுவேன். உங்களுக்கு ஒரு தடவ போதும்.”

அன்றைய நான்கு மணி பஸ்ஸில் திருத்தம் போயிற்று. தப்பு வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும் என்பது அந்தப் பத்திரிகையில் கண்டிப்பு. மூன்றாம் நாள், மூன்றாம் பக்கம், இடது கீழ்மூலை. ‘பரிசு வழங்குபவர் ஆசிரியை புஷ்பம், பி.எஸ்சி., பி.டி. தவறுக்கு வருந்துகிறோம்.’ எனக்கு வசவு தனியாகத் தபாலில் வந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாமனார், அப்போது அவர் மாமனார் இல்லை, சாப்பிட்டுப் போகச் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “இவுகதானா அந்த ஆச்சி பேப்பரு?” என்று சிரித்தாள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்டனூருக்கு வருவோம். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தா இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கை கழுவினாள். பிறகு மேலாளரைக் கூப்பிடச் சொன்னாள்.

முப்பது வயது இளைஞர் வந்தார். மிகவும் மரியாதையானவர். இந்த மரியாதைதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்தியது. வீட்டின் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வீட்டைக் குத்தகைக்கு விட்டபோது தங்கள் முன்னோர் படங்களையெல்லாம் கழற்றி எடுத்துப் போய்விட்டார்களாம். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியதாம். “வெறும் சுவரா இருந்தா நல்லா இருக்காதே மேடம். டிசைனர் காரைக்குடியில பழைய சாமான் கடையில மொத்தமா எடுத்தாங்க.”

“பொட்டு?”

“அதுவும் டிசைனர்தான். தீமுக்காக.”

“சிலுவைய எடுத்தது?”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். தினமும் அதன் கீழே நடக்கிறவர். “சிலுவை இருந்துச்சா மேடம்?” என்றார்.

ஜெசிந்தா தான் யார் என்று சொன்னாள். அவர் தயங்கி, “ப்ரூஃப் மாதிரி ஏதாச்சும் இருக்கா மேடம்?” என்று கேட்டார். கேட்டது தப்பு என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். குரல் பாதியில் இறங்கியது.

“அவுக மூக்கையும் என் மூக்கையும் பாருங்க தம்பி.” ஆனாலும் போனை எடுத்து, வீட்டில் இருக்கும் படத்தைக் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார். ஆமாம், அவர்தான் என்று ஒப்புக்கொண்டார்.

“கழட்ட வேணாம். இங்கயே இருக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும். பொட்ட எடுத்துட்டு, கீழ பேர மட்டும் மாத்துங்க. புஷ்பம் டீச்சர், கணக்குன்னு போடுங்க.”

“டீச்சர்னு போட்டா சாப்பாட்டு ஓட்டலுக்கு எப்படி மேடம் பொருந்தும்?” அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டார். மெனு கார்டிலும் இந்தப் படம், பார்சல் பையிலும் இந்தப் படம். தகட்டை மாற்றச் சென்னைத் தலைமை அலுவலகத்தில் கேட்கவேண்டும். “நாளைக்கு இன்னொருத்தர் வந்து அந்தப் படம் எங்க அப்பான்னு சொன்னா, நாங்க என்ன மேடம் பண்றது?”

“சொன்னா கேட்டுக்கங்க தம்பி,” என்றாள் ஜெசிந்தா.

கடைசியில் அவர் ஒரு கருத்துப் படிவத்தைக் கொடுத்தார். சுவை, சுத்தம், உபசரிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். அதன் பின்பக்கத்தில் ஜெசிந்தா தன் தாயின் முழுப் பெயர், பட்டம், பாடம், பள்ளி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். எழுத இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுதவேண்டியிருந்தது.

திரும்பும்போது தேவகோட்டையைத் தாண்டினோம். பிறகு, “நீங்க மட்டும் என்ன? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்களும் ஒட்டுனவுகதான,” என்றாள். ஆமாம் என்றேன். “ஆனா உங்க மாடிக்குப் படி இருந்துச்சு. ஏறி வந்து கேக்க முடிஞ்சுச்சு. இவுக மாடி எங்குட்டு இருக்கு?” என்றாள்.

எனக்கு எரிகிறது என்பதை மறைக்கவில்லை. செத்துப்போன ஒரு பெண்மணியின் நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்திலிருந்ததை அழித்து, சட்டியைக் கருக வைத்தவரைச் சமையலுக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். இதில் அந்த வீட்டின் உண்மையான ஆச்சிக்கும் அநியாயம். அந்த அடுப்படியில் வெந்தவர் அவர். அவர் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டால் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். செய்தது மட்டும் யாரும் இல்லை.

ஆத்திரம் தாங்காமல் மறுநாள் தொண்டியிலிருந்து என் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன், இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடமுடியுமா என்று கேட்க. எடுத்த இளைஞருக்கு என்னைத் தெரியவில்லை, அது அவர் குற்றமில்லை. பார்க்கலாம் சார் என்றார். பேச்சுவாக்கில், திருத்தம் இப்போது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டேன்.

“திருத்தம்னு தனியாப் போடுறதில்ல சார். நெட்ல மாத்திடுவோம். முன்னாடி தப்பா இருந்ததே யாருக்கும் தெரியாது,” என்றார்.

மூன்றாவது வாரம் ஓட்டலிலிருந்து ஜெசிந்தாவுக்குச் செய்தி வந்தது. எங்கள் உணர்வுகளை மதிக்கிறார்களாம். படத்தை அகற்றிவிட்டார்களாம். தகட்டை மாற்றத்தான் சொன்னேன், அகற்றச் சொல்லவில்லையே, படம் இப்போது எங்கே என்று அவள் பதில் எழுதினாள். டிசைனர் எடுத்துப் போய்விட்டார் என்று பதில் வந்தது. கூடவே, நம்புவதற்காக, சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அதே ஆணியில் வேறொரு வயதான அம்மாளின் படம் தொங்குகிறது. கீழே ‘எங்கள் ஆச்சி’ என்று இருக்கிறது.