"இன்னொண்ணு குடுடா!" என்று கத்தியவர்

கொல்கத்தாவில் தமிழ்ப் படத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு காட்சிதான், ஞாயிறு காலை. அதனால் தியேட்டரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். இருட்டிலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

இன்று நான் சொல்லிவிட்டேன்.

படத்தில் கதாநாயகி எதிர்த்துப் பேசுகிறாள். கதாநாயகன் ஓங்கி ஓர் அறை விடுகிறான். தியேட்டரே கைதட்டுகிறது. எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இன்னொண்ணு குடுடா!"

திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. அலிப்பூரில் எங்கள் ஆபீசில் தினமும் கேட்கிற குரல். பெண் ஊழியர்களின் புகார்களை விசாரிக்கும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். பெயர் வேண்டாம்.

இடைவேளையில் அவரே எதிரே வந்தார். "என்னம்மா, டீ சொல்லட்டுமா? படம் ஜாலியா போகுதுல்ல?"

"அந்த அறைக்குக் கத்தினது நீங்கதானே சார்?"

கொஞ்சமும் கூசவில்லை. சிரித்தார். "அட, சினிமாதானேம்மா! இதையெல்லாமா சீரியஸா எடுத்துக்கறது?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

என் மேலதிகாரி மீது நான் கொடுத்த புகார் நாளை அந்தக் குழுவின் முன் வருகிறது. நான் சொல்லச் சொல்ல, இன்று கத்திய இதே சாரின் முகம் வாடும். "அடப்பாவமே" என்பார். அங்கே விளக்கு எரியும் அல்லவா?

இனிமேல் இந்தக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலே வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் போடுங்கள், போதும்.

எந்தப் படம் போடலாம் என்று கீழே சொல்லுங்கள். கதாநாயகி அறை வாங்காத படம் ஏதாவது ஞாபகம் வந்தால் அதையும் சொல்லுங்கள்.