உலர்ந்த பீட்ரூட்டும் அம்மாவின் சிறுநீரகமும்

நடந்தவை, வரிசைப்படி:

1. எங்கள் மலையில் கோலா தெர்லா என்ற ஊரில் காய்கறி பயிரிடும் ஒருவர், சந்தையில் எடுபடாத முள்ளங்கி, கேரட், பீட்ரூட் மூட்டைகளை எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு லோரியில் கொண்டுவந்து இறக்கினார்.
2. அம்மா வழக்கம்போல முள்ளங்கியை உப்பில் போட்டார்.
3. அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் நான் தடுத்தேன்.
4. பதப்படுத்திய கிழங்குகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.
5. அம்மா அதன்படி சாப்பிட்டார்.
6. ஏழாவது வாரம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் விழுந்தார்.

நான்காவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். அப்போது பிரிஞ்சாங்கில் காய்கறி பதப்படுத்தும் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அப்பா இல்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். அந்த வேலைக்காகத்தான் எங்களுக்கு லைனில் வீடு.

எங்கள் மலையில் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது. மதியம் பனி இறங்கினால் வற்றலில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் வருகிற மூட்டைக் காயெல்லாம் உப்புக்குத்தான் போகும். எல்லா வீட்டிலும் உப்பு முள்ளங்கி, மூன்று வேளையும். அதை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆலையில் ஒதுக்கிப்போட்ட சிறிய உலர்த்தி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பீட்ரூட்டையும் கேரட்டையும் அதில் காயவைத்தேன்.

அட்டவணையில் நான்கு வரிசை: உப்பு முள்ளங்கி, வினிகரில் ஊறிய கேரட், உலர்ந்த கேரட், உலர்ந்த பீட்ரூட். நான்கு பத்தி: சோடியம், பொட்டாசியம், இரும்பு, நார். உப்பு முள்ளங்கிக்குச் சிவப்புக் கோடு. உலர்ந்த பீட்ரூட்டில் நீர் போய்விடுவதால் மற்றதெல்லாம் செறிந்து நிற்கும். பொட்டாசியம் ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று படித்திருந்தேன். அதற்குப் பச்சை நட்சத்திரம் போட்டேன். சமையலுக்குச் சோடியம் குறைந்த உப்பு வாங்கினேன். அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாக இருப்பதும் பொட்டாசியம்தான். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்கவும் என்று பாக்கெட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் இருந்தது. படித்தேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை சுவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னக்கா, உன் மக காய்க்கெல்லாம் மார்க் போட்டிருக்கா? முள்ளங்கி பெயிலா?"

"பெயிலு லா. பீட்ரூட்டுதான் பஸ்ட்டு," என்றார் அம்மா. "இனிமே எங்க வீட்டு டாக்டர் சொல்றதுதான் சாப்பாடு."

காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு டப்பா நிறைய உலர்ந்த பீட்ரூட் எடுத்துப்போவார். மலையில் நின்றபடி மென்றுகொண்டிருப்பாராம். ஐந்தாவது வாரம் கால் கனக்கிறது என்றார். ரத்தம் குறைவாக இருக்கும் என்று டப்பாவை இன்னும் நிரப்பிக் கொடுத்தேன்.

விழுந்த அன்று மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர், பொட்டாசியம் இந்த அளவுக்கு ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். அட்டவணையை எழுதியிருந்த வரிசையிலேயே ஒப்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வெகுநாளாயிற்றே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது. அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக்கூட நான் ஒருநாளும் படித்ததில்லை.

அம்மாவுக்கு நினைவு திரும்பிப் பேச்சு வந்ததும் கேட்டேன். "கிளினிக்கில சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டரும் குடுத்தாங்க."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா பாப்பா? தோட்டத்துத் துரைகிட்ட லீவு கேப்ப. வேலைக்கு ஆவாதவன்னு பேர வெட்டிடுவாங்க. அப்புறம் லைன்ல வீடு யாரு குடுப்பா? நாம எங்க போறது?"

"அந்தப் பீட்ரூட்டு உனக்கு விஷம்மா."

"எனக்கு என்னா தெரியும்? உப்பக் கொறைன்னு சொன்னாங்க, கொறைச்சேன். நீ படிச்ச புள்ள, நட்சத்திரம் போட்டு வச்சிருந்த. கடைசில வாய்க்கே புடிக்கல. இருந்தாலும் தின்னேன்."

சிறுநீரகம் என் அட்டவணையால் கெட்டதா என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை, அது முன்பே பெரும்பாலும் போய்விட்டது என்றார். உயிர் போகப் பார்த்தது எதனால் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டவணையைக் கிழித்தேன். உலர்த்தியை ஆலையில் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சிறுநீரகம் இனித் திரும்பாது. தோட்டத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு நான் தோட்டத்துத் தேயிலை ஆலையில் சேர்ந்திருக்கிறேன். லைன் வீடு என் பெயருக்கு மாறியிருக்கிறது.