கப்பியில் ஏறிய கை

பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, என் கணவருக்கு வலது கையோடு மூன்று மொழிகளும் போயிருந்தன. கல்கத்தா துறைமுக அலுவலகத்தில் வங்காளத்திலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் அதட்டியே காலம் தள்ளியவர். மிஞ்சியது தமிழ் மட்டும், அதுவும் சொல் சொல்லாக. திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கையால சாப்பிடணும்."

ஒரு கிளினிக்கிலிருந்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்தார், வங்காளிப் பெண். சட்டை போட, பல் தேய்க்க, சோறு அள்ள நோயாளியை மறுபடி பழக்குகிற படிப்பு அது. கூடவே ஒரு உதவியாளர், லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர். அந்தப் பெண் சொல்வதை என் கணவருக்குத் தமிழில் சொல்வார். அவரை அண்ணே என்பார், என்னை மட்டும் வங்காளத்தில் பௌதி. அண்ணி என்ற சொல் அவர் வாயில் நிற்கவில்லை.

அந்தப் பெண் எதற்கும் உறுதி கொடுக்க மாட்டார். இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகட்டும் என்பார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உதவியாளரோ செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹோயே ஜாபே, பௌதி. ஆயிரும். வலது கையே வந்துரும்" என்பார். பஸ் வராவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கல்கத்தா சொல்கிற ஹோயே ஜாபே. எனக்கு அப்போது அதைக் கேட்டால்தான் சோறு இறங்கும்.

துர்கா பூஜைக்கு முன்னால் அந்தப் பெண் அமெரிக்கா கிளம்பினார். அங்கே நோயாளியைத் தொடவே லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார். போகும்போது, வேறு தெரபிஸ்ட் வரும்வரை தோளில் எதுவும் செய்யாதே என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வேறு தெரபிஸ்ட் வரவில்லை. போன் செய்தால், உதவியாளரே போதும் என்றது கிளினிக்.

ஒரு நாள் உதவியாளர் கப்பியும் கயிறும் கொண்டுவந்தார். கிணற்றில் வாளி இறக்குவோமே, அந்த மாதிரிச் சின்னக் கப்பி. அதைக் கதவு நிலைக்கு மேலே மாட்டிக் கயிற்றின் ஒரு முனையை வலது மணிக்கட்டில் கட்டினார். மறு முனையை இடது கை இழுக்க, செத்த கை தலைக்கு மேலே ஏறியது. என் கணவர் சிரித்தார். நோய் வந்தபின் முதல் சிரிப்பு. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

குளிர் வந்ததும் தோள் வலிக்க ஆரம்பித்தது. சட்டைக்குள் கையை நுழைத்தாலே கத்துவார். அலிப்பூரில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பலம் போய்த் தொங்குகிற தோளில் கயிறு கட்டி இழுத்தது யார்?" என்று கேட்டார். உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. கொஞ்சநஞ்சம் வந்திருக்கக்கூடிய அசைவும் இனி இல்லை என்றார்.

கிளினிக்கில் நான் குரலை உயர்த்தினேன். "அந்த ஆளோட லைசென்ஸை ரத்து பண்ணுங்க."

மேஜையில் இருந்தவர் டீயைக் கீழே வைத்தார். "இந்த வேலைக்கு இங்கே லைசென்ஸே கிடையாதே, மாஷிமா. இல்லாததை எப்படி ரத்து பண்றது?" கிண்டல் இல்லை. அவருக்கும் நிஜமாகவே தெரியவில்லை.

மறுவாரம் உதவியாளர் வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே விடவில்லை.

"கிளினிக்ல ஒரு ஸ்கூல் மாஸ்டருக்குக் கப்பி கட்டினாங்க பௌதி. தோள் இறுகிப்போச்சு அவருக்கு. சரியாச்சு."

"அது இறுகின தோளு. இது தொங்குற தோளு."

"அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லலியே." செருப்பைக் கழற்றப் போனவர் மறுபடி மாட்டிக்கொண்டார். "கை மேல போறதைப் பார்க்கணும்ங்கறாங்க எல்லா வீட்டுலயும். போகலேன்னா நாளைக்கு வராதேங்கறாங்க."

உள்ளேயிருந்து என் கணவர் குரல் வந்தது. "அவனா? வரச் சொல்லு."

நான் நகரவில்லை. கரியாஹாட்டில் இன்னொரு பக்கவாதக்காரர் காத்திருக்கிறார், கப்பியைத் தர முடியுமா என்று உதவியாளர் கேட்டார். தர மாட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். கரியாஹாட்டில் எந்த இரும்புக் கடையிலும் கப்பி கிடைக்கும்.

அன்றைக்கும் நான்தான் பிசைந்து ஊட்டினேன். அவன் வரலியா என்றார். வாயைத் திறங்க என்றேன்.